தப்பி வந்த மாரியம்மாவுக்கு இருநூறு ரூபாய் தண்டம்

பெண்பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தர வேண்டும் என்பதில் இன்றைக்கு யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆளுங்கட்சி சொல்கிறது, எதிர்க்கட்சி சொல்கிறது, ரோட்டரி சங்கம் சொல்கிறது, சாதிச் சங்கமும் சொல்கிறது. இத்தனை பேர் ஒத்த குரலில் ஒன்றைச் சொல்லும்போது நம்ம சனங்க கொஞ்சம் நின்னு யோசிக்கணும் என்பது நாம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சேரிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் பெண்களோடு வேலை செய்கிறவள் என்கிற முறையில் எனக்கு இருக்கிற கேள்வி வேறு. இந்தப் பயிற்சி யாருடைய உடம்பை மனசில் வைத்து உருவாக்கப்பட்டிருக்கிறது? அந்த உடம்புக்கு ஏற்கெனவே என்ன நடந்திருக்கிறது என்று அது கேட்டதுண்டா?

இதற்கான பதிலைக் கராத்தே கையேடுகளில் தேடிப் பிரயோசனமில்லை. நம்முடைய இலக்கியத்தில் அது எப்போதோ எழுதப்பட்டுவிட்டது.

பாமாவின் ‘சங்கதி’ 1994-இல் வந்தது. அதில் வருகிற மாரியம்மாவை நினைத்துப் பாருங்கள். விறகு பொறுக்கப் போனவள், தாகத்துக்குத் தண்ணி குடிக்க ஒரு முதலாளியின் பம்புசெட்டுக்குப் போகிறாள். நிலத்துக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் உதறிக்கொண்டு, விறகுக்கட்டையும் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறாள். தற்காப்பு வகுப்பின் பாடத்திட்டப்படி பார்த்தால் மாரியம்மா நூற்றுக்கு நூறு. பிடியை விடுவித்துக்கொண்டாள், ஓடினாள், பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேர்ந்தாள். கதை அங்கே முடியவில்லை. மாட்டிக்கொள்வோமோ என்று பயந்த நிலத்துக்காரன் முந்திக்கொண்டு நாட்டாமையிடம் போய், மாரியம்மாவும் மாணிக்கம் என்கிற பையனும் தப்பாக நடந்துகொண்டதாகக் கதை கட்டிவிடுகிறான். கூட்டம் கூடுகிறது. நம்ம ஆம்பளைங்களே கூட்டிய கூட்டம்தான். தீர்ப்பு வருகிறது. மாணிக்கத்துக்கு நூறு ரூபாய் தண்டம், மாரியம்மாவுக்கு இருநூறு.

தற்காப்பு குறித்து தமிழில் எழுதப்பட்ட ஆகச்சிறந்த விமர்சனம் இது என்று நான் கருதுகிறேன். பம்புசெட்டில் நடந்தது ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் எல்லா வகுப்பும் பயிற்சி தருகிறது. அதற்கு முன்னால் அவளை அந்தப் பம்புசெட்டுக்குப் போக வைத்த தாகத்துக்கும், பின்னால் அவளைக் குற்றவாளியாக நிறுத்திய கூட்டத்துக்கும் எந்த வகுப்பிலும் பாடம் இல்லை.

2012 டிசம்பர் தில்லிச் சம்பவத்துக்குப் பிறகு இந்த வகுப்புகள் பெருகின. ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ராணி லட்சுமிபாய் பெயரில் தற்காப்புப் பயிற்சி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதம். பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய். மூன்று மாதத்துக்கும் சேர்த்து 15,000 ரூபாயில், ஒரு பள்ளியின் அத்தனை பெண்பிள்ளைகளும் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட வேண்டும். பெயரையும் கவனியுங்கள். ஜான்சியின் படையில் ராணியின் வேடத்தில் வெள்ளையரை எதிர்கொண்டதாக வாய்மொழி மரபு சொல்லும் ஜல்காரிபாய், கோரி என்கிற தலித் சாதியில் பிறந்தவள். ராணிக்குத் திட்டம், ஜல்காரிக்கு 2001-இல் ஒரு தபால் தலை.

இந்தப் பயிற்சிகளுக்குப் பின்னால் ஒரு கற்பனை எதிரி இருக்கிறான். முகம் தெரியாதவன், இருட்டில் வருகிறவன், பின்னாலிருந்து கழுத்தைப் பிடிக்கிறவன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகிற கணக்கோ வேறு மாதிரி. பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். சேரிப் பெண்ணுக்கு இன்னும் தெரிந்தவன். அவள் அவனிடம் கூலி வாங்குகிறாள், அவன் கழனி வரப்பு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள், அவன் வீட்டு மாட்டுக்குத்தான் புல் அறுக்கிறாள். தெரிந்தவனை முழங்காலால் உதைப்பதற்கு உடம்பில் வலு மட்டும் போதாது. உதைத்த மறுநாள் கூலி உண்டா, வரப்பில் வழி உண்டா என்பதற்கும் பதில் வேண்டும். திண்டிவனம் பக்கம் ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: “எம்பொண்ணு கராத்தே கத்துக்கினு வந்து ஒருத்தன ஒதச்சிட்டான்னு வையி. நாளைக்கி எங்க தெருவுல எத்தினி கூரை எரியும்னு கணக்கு போட்டியாம்மா?” 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியும், 2013 ஏப்ரலில் மரக்காணத்து வீடுகளும் எரிந்ததைப் பார்த்த சனங்களின் கணக்கு அது. அதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்களுக்கு எரிந்த கூரைக்குக் கீழே படுத்த அனுபவம் இல்லை.

இனி வகுப்புக்குள் நடப்பதற்கு வருவோம். ஒரு பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாஸ்டர் ஒருவர், விசில், கையில் பிரம்பு. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரிசையில் நின்ற ஒரு பிள்ளையைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்து, “இப்ப என்ன பண்ணுவ?” என்றார். மற்ற பிள்ளைகள் சிரித்தன. அவள் ஒன்றும் பண்ணவில்லை. கண் ஒரு இடத்தில் குத்திட்டு நின்றது. கை இரண்டும் தொங்கிவிட்டன. “பாத்தீங்களா, இப்பிடி மரம் மாதிரி நின்னா எவன் வேணா தூக்கிட்டுப் போவான்” என்று மாஸ்டர் வகுப்புக்குப் பாடம் சொன்னார். சாயந்திரம் அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “கத்தணும்னுதான்க்கா நெனச்சேன். சத்தம் வரல.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. அடுத்த வகுப்பிலிருந்து அவளுக்கு வயித்துவலி.

மாஸ்டர் கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்த வித்தையை அவருக்குச் சொல்லித்தந்த மாதிரியே சொல்லித்தந்தார். அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஆபத்து என்று பட்டதும் உடம்பு ஒன்று ஓடும் அல்லது அடிக்கும் என்பது பாதி உண்மை. தப்ப வழியில்லை என்று உடம்பு தானாகவே முடிவு கட்டிவிட்டால் மூன்றாவதாக ஒன்று நடக்கும். கைகால் மரத்துப்போகும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், நடப்பதெல்லாம் யாருக்கோ நடப்பது போல இருக்கும். இதை அவள் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில், பாலியல் வன்முறைக்குப் பிறகு சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 70 பேர் சம்பவ நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு இப்படி உறைந்து போயிருந்தார்கள். 48 பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. அப்படி உறைந்தவர்களைத்தான் பின்னாட்களில் மனக்காயமும் மனச்சோர்வும் அதிகமாகப் பிடித்துக்கொண்டன. ‘நான் ஏன் எதிர்க்கவில்லை’ என்கிற கேள்வி உள்ளேயிருந்து தின்னும். அந்தக் கேள்வியை வெளியிலிருந்தும் கேட்கிற ஒருவராக மாஸ்டர் வந்து நிற்கிறார். ஏற்கெனவே காயம்பட்ட பிள்ளைக்கு ‘மரம் மாதிரி நின்னா’ என்கிற சொல் இரண்டாவது அடி.

இந்தச் சொல்லை நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1972-இல் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் போலீசாரின் வன்முறைக்கு ஆளான மதுரா ஒரு ஆதிவாசிச் சிறுமி. அவள் உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போடவில்லை, ஆகவே எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதித்தாள் என்கிற தர்க்கத்தில் இரண்டு போலீஸ்காரர்களையும் உச்ச நீதிமன்றம் 1978 செப்டம்பரில் விடுவித்தது. நாடெங்கும் பெண்கள் போராடி 1983-இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்று சட்டமே வாய்விட்டுச் சொல்வதற்கு 2013 ஆயிற்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது. சட்டப் புத்தகம் ஒருவழியாகக் கற்றுக்கொண்டதைத் தற்காப்பு வகுப்பு இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ‘எதிர்த்திருக்கலாமே’ என்கிற அந்தப் பழைய தீர்ப்பை அது பதினொரு வயசுப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அதே 1978-இல், மதுரா தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்னால், விழுப்புரம் பெரிய காலனியில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அப்போது நடை பழகிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு இப்போது ஐம்பதைத் தொடுகிற வயசு. என் தலைமுறை அதற்குப் பிறகு பிறந்தது. ஆனாலும் எங்களுக்கு அந்த ஜூலை மாதம் வந்து சேர்ந்திருக்கிறது. வரலாற்றுப் பாடமாக வரவில்லை. “பொழுது சாயறதுக்குள்ள வந்துடு”, “மார்க்கெட்டுல எவன் என்னா சொன்னாலும் வாயத் தொறக்காத” என்று அம்மாக்களின் எச்சரிக்கையாக வந்தது. கூட்டமாகக் காலடிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைக்கிற பழக்கமாக வந்தது. வாயைத் திறக்காதே என்று நாற்பது வருஷமாக உடம்புக்குப் பயிற்சி கொடுக்கப்பட்ட பிள்ளையிடம், மூன்று மாதத்தில் ‘கத்து’ என்றால் எங்கிருந்து சத்தம் வரும்? அவளுக்குப் பயம் தனியாள் சமாச்சாரமில்லை. அது ஒரு தெருவின் பயம். தெருவோடு சேர்த்துத்தான் அதை அவிழ்க்க முடியும்.

இருளர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கறாராகத் தெரியும். திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி முதலானவர்கள் வளர்த்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் பின்னணியில், 1993-இல் புதுச்சேரி போலீசார் மீது ஒரு இருளர் பெண் துணிந்து கொடுத்த பாலியல் வன்முறைப் புகாரும் அதையொட்டிய போராட்டமும் இருக்கின்றன. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் போலீசார் மீது நான்கு இருளர் பெண்கள் அதே புகாரைச் சொன்னார்கள். திருட்டுக் கேஸ் என்று ராத்திரியில் வந்து ஆம்பளைங்களை அள்ளிக்கொண்டு போகிற வண்டியின் சத்தம் அந்தப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு மாதிரி பழகியது. அந்தக் குடியிருப்புக்குப் பெண்கள் பாதுகாப்பு விழிப்புணர்வு என்று காக்கி உடுப்பும் விசிலும் லத்தியுமாகப் போய் நின்றால், பிள்ளைகள் பார்ப்பது ஆசிரியரையா? பயிற்சி தருகிறவரின் உடுப்பே பாடத்தின் முதல் வரி. அதை யாரும் மாற்றி எழுத நினைப்பதில்லை.

காப்பாற்ற வருகிறவனைப் பற்றி இன்னொரு நாவல் பேசுகிறது. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-இல் வந்தது. அதில் தங்கம் என்கிற கூலிக்காரி, நிலவுடைமைக்காரனின் வன்முறைக்கு ஆளானவள், அவன் மச்சான்மாரிடம் அடிபட்டவள், நியாயம் கேட்டுக் காத்தமுத்துவிடம் வருகிறாள். அவன் நம்ம சாதித் தலைவன். வழக்கு ஜெயிப்பதற்குத் தோதாக அவள் பட்டதை வேறு மாதிரி எழுதுகிறான். ஊர்த்தெருவில் நடந்ததற்காக அடித்தார்கள் என்று புகார் மாறுகிறது. அவள் உடம்புக்கு நடந்தது காகிதத்திலிருந்து காணாமல் போகிறது. கடைசியில் அவளே அவன் வீட்டில் இன்னொரு மனைவியாக ஆக்கப்படுகிறாள். நாவல் வந்தபோது ‘நம்மவர்களையே காட்டிக்கொடுக்கிறார்’ என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது ஒவ்வொரு பயிற்சியாளரும் படிக்க வேண்டிய பாடப்புத்தகமாகப் படுகிறது. நம்பி வந்த பெண்ணின் உடம்பின் மீதும் அவள் கதையின் மீதும் காப்பாற்றுகிறவனுக்கு உரிமை இல்லை. அவன் மாஸ்டராக இருந்தாலும் சரி, தோழராக இருந்தாலும் சரி. அவள் பட்டதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொல்லி, கைதட்டி அனுப்புகிற நம்முடைய முகாம்களுக்கும் இது பொருந்தும்.

“அப்போ சொல்லியே தர வேணாமா?” என்று கேட்பார்கள். தர வேண்டும். ஒழுங்காகத் தந்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. பெறாதவர்களில் ஒரு வருஷத்துக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 9.8, பெற்றவர்களில் 5.2. ஏறக்குறைய பாதி. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் அடி உதை ஒரு பகுதிதான். தெரிந்தவனிடமிருந்து வருகிற ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிற தயக்கத்தை எப்படித் தாண்டுவது, தனக்கு என்ன வேண்டும் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்பதெல்லாம்தான் மற்ற பகுதிகள். அந்த மாணவிகளுக்குப் பின்னால் எரிகிற கூரை இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. ஆனால் கற்றுக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமாக, நம்ம பொம்பளைங்க ஏற்கெனவே கற்று வைத்திருப்பதை அங்கீகரிக்க வேண்டும். ‘சங்கதி’யில் ராக்கம்மா புருஷன் அடிக்க வரும்போது தெருவே அதிரக் கத்துவாள், வாயில் வராத வார்த்தை இருக்காது, சேலையைத் தூக்கிக் காட்டவும் தயங்கமாட்டாள். அவன் ஒதுங்கிப் போய்விடுவான். படித்தவர்களுக்கு அது அசிங்கம். அவளுக்கு அது ஆயுதம். களை வெட்டப் போகும்போது ஒத்தையாய்ப் போகாமல் நாலு பேராய்ப் போவது, ஒருத்தி குரல் கொடுத்தால் மற்றவள் கையில் கதிரறுவாளோடு நிற்பது, எந்தச் சின்னக் கவுண்டன் எப்படி என்று கிழவிகள் குமரிகளுக்குக் காதோடு காதாகச் சொல்வது, இவையெல்லாம் எந்தச் சான்றிதழும் இல்லாத தற்காப்புக் கலை. சிலம்பத்தை 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டில் அரங்கேற்றினார்கள். சந்தோஷம். கம்பு சுற்றுகிறவன் வீரன், அவனுக்குப் பறையடிக்கிறவன் யார் என்று கேட்கிற காலமும் வரும். சேரிப் பிள்ளை கையில் கம்பு வருவது எனக்குப் பெருமைதான். அந்தக் கம்பு அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து திடீரென்று வரக் கூடாது.

ஆகவே சில விஷயங்களை முன்வைக்கிறேன். பெரிய செலவு பிடிக்கிறவை அல்ல. சொல்லித்தருகிறவர் பெண்ணாக இருக்கட்டும், முடிந்தால் அந்தத் தெருவுக்குத் தெரிந்த பெண்ணாக. கேட்காமல் யாரையும் தொடக் கூடாது. அடுத்து என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுத்தைப் பிடிப்பது, தரையில் சாய்த்து அமுக்குவது போன்றவற்றை எடுத்த எடுப்பில் செய்யவே கூடாது. கதவு திறந்திருக்கட்டும். விசிலும் பிரம்பும் வெளியே இருக்கட்டும். ‘எனக்கு இன்னிக்கி வேணாம்’ என்று ஒரு பிள்ளை ஒதுங்கி உட்கார்ந்தால் காரணம் கேட்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள், வேணாம் என்று சொல்லவும், சொன்னால் எதிராளி கையை எடுப்பான் என்று நம்பவும் அவள் வாழ்க்கையில் முதல்முதலாகப் பழகுகிற இடம் அந்த வகுப்புதான். மாஸ்டரிடம் வேணாம் சொல்ல முடியாதவள் மிராசிடம் எப்படிச் சொல்வாள்? உறைந்து போவது உடம்பின் இயல்பு, குற்றமல்ல என்பது முதல் நாள் பாடமாக இருக்கட்டும். உறைந்தவளைத் தரையில் காலை அழுத்தி ஊன்றச் சொல்லி, மூச்சை மெல்ல விடச் சொல்லி, பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து மீட்டுக் கொண்டுவருவதும் ஒரு வித்தைதான். அதையும் எல்லாப் பிள்ளைகளும் கற்கட்டும்.

வகுப்புக்கு வெளியே உள்ளதும் வகுப்பின் பகுதி. தற்காப்பு உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. வல்லுறவு நோக்கத்தோடு தாக்க வருகிறவனைத் தடுக்கையில் அவன் உயிரே போனாலும் குற்றமாகாது என்று பழைய சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொன்னது, புதிய சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தும் நம்ம பெண் கையை ஓங்கினால் அவள் மேலேயே கவுண்டர் கேஸ் விழுகிறது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது, புகாரை எங்கே கொடுப்பது, 1098-க்கும் 181-க்கும் போன் போட்டால் என்ன கேட்பார்கள், கூட யார் வருவார்கள் என்பது உதையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். அப்பா அண்ணன்மாரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். மாரியம்மாவுக்குத் தண்டம் போட்டவர்கள் அவர்கள்தான். பிள்ளை தப்பி ஓடி வந்தால் ‘நீ ஏன் அங்க போன’ என்று கேட்காத ஒரு தெருவை உண்டாக்குவதற்கு ஆம்பளைங்களுக்குத்தான் மூன்று மாதப் பயிற்சி தேவை.

இவ்வளவும் செய்தால் வன்முறை நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. வன்முறையை நிறுத்த வேண்டியவர்கள் அதைச் செய்கிறவர்களும், அவர்களைக் காப்பாற்றுகிற சாதியும் போலீசும். அந்தப் பொறுப்பை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு அரசாங்கம் கணக்கு முடிக்கப் பார்க்கிறது. அதை விடக் கூடாது. அதே சமயம், நிலமும் நீதியும் வருகிற வரைக்கும் நம்ம பிள்ளைங்க உடம்பு காத்திருக்காது. அது இன்றைக்கே வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது. அந்த நடைக்குத் தெம்பு தருகிற வகுப்பு வேண்டும். பட்ட காயத்தைக் கிளறிவிட்டுச் சான்றிதழ் தருகிற வகுப்பு வேண்டாம்.